பயோ முடிச்சிட்டன், சீனி வருத்த ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வழி இருக்கோ?

கோண்டாவில் பிள்ளை (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 25 வயசு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில நாலு வருஷ ஒனர்ஸ் முடிச்சு எட்டு மாசமாகுது. ஏ.எல்.லில பயோ செய்தனான். கம்பஸுக்கு எடுக்கிற இசட் ஸ்கோர் மெடிசினுக்குக் கொஞ்சத்தால காணாமல் போச்சு. அதை வீட்டில ஆராவது ஒருத்தர் கிழமைக்கு ஒருக்கால் இன்னமும் ஞாபகப்படுத்துவினம்.

கடைசி வருஷப் புறொஜெக்ட், ஆவரசம்பூச் சாறு, மாப்பொருளை உடைக்கிற அமைலேஸ் நொதியத்தை எவ்வளவு தடுக்குது எண்டு பாக்கிறது. மாப்பொருள், அயடீன், நிறத்தை அளக்கிற ஸ்பெக்ரோ. அமைலேஸைத் தடுக்கிற மருந்தான அகார்போஸை ஒப்பீட்டுக்கு வைச்சனான். நல்ல பெறுபேறு வந்தது. அதுக்குப் பிறகுதான் இந்த வேலையை விட்டுப்போட்டு இருக்க ஏலாது எண்டு விளங்கினது.

காரணம் என்ர அம்மம்மா. 14 வருஷமா அவாக்குச் சீனி வருத்தம். போன வருஷம் இடக்காலில ரெண்டு விரல் எடுத்தவை. அம்மம்மா மெலிஞ்ச ஆள், 44 கிலோ. ஒருநாளும் உடம்பா இருந்தது இல்லை. விடியக்காலமை எழும்பி முத்தம் கூட்டி, கிணத்தில தண்ணி அள்ளி, தோட்டத்துக்குள்ள நிண்ட மனிசி. பிறகேன் அவாக்கு வந்தது? கிளினிக்கில கேட்டால் "பரம்பரை" எண்டு ஒரு சொல்லோட முடிச்சிடுவினம். அந்தச் சொல்லுக்குள்ள என்ன கிடக்கு எண்டு எனக்கு அறிய வேணும். உண்மையா அவ்வளவுதான் என்ர ஆசை.

இப்ப கேள்வியள். மூலக்கூற்று உயிரியலில இஞ்ச மாஸ்டர்ஸ் செய்துபோட்டுப் போறதோ, நேர பி.எச்.டி.க்கு வெளியில விண்ணப்பிக்கிறதோ? நான் ஏ.எல். வரைக்கும் தமிழில படிச்சனான்; கம்பஸில ஆங்கிலம் சமாளிச்சன், ஆனால் கதைக்கேக்க நாக்குத் தட்டும். அதால பின்னுக்கு நிக்க வேண்டி வருமோ? படிச்சு முடிய வேலை இருக்கோ? அப்பா ஆசிரியர் நியமனத்துக்குப் போடச் சொல்லுறார். அம்மா சம்மந்தம் பாக்கிறா. நேரா யோசிச்சுச் சொல்லுங்கோ.

---

சுன்னாகத்தான் (ஞாயிறு, இரவு 10.25)

தங்கச்சி, அப்பா சொல்லுறதை ஒரேயடியாத் தள்ளாதேங்கோ. நான் எம்.பில். பதிஞ்சு ரெண்டரை வருஷம் இழுத்துப்போட்டு விட்டனான். ஆராய்ச்சிக் காசு ஒரு வருஷத்தோட முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ரியூசன் குடுத்து அந்தக் காசில இரசாயனப் பொருள் வாங்கினனான். தம்பியின்ர படிப்பும் என்ர தலையில. கடைசியில நியமனம் வந்தது, போயிட்டன். இண்டைக்கு ரெண்டு பிள்ளையளோட நிம்மதியாத்தான் இருக்கிறன், ஆனால் அந்தக் கொப்பியளை எறியேல்லை.

போக வேண்டாம் எண்டு சொல்லேல்லை. காசு எத்தினை வருஷத்துக்கு, ஆர் தருகினம், அது கடிதத்தில இருக்கோ எண்டு பாக்காமல் ஒண்டிலயும் பதியாதேங்கோ. மிச்சத்தைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

---

நல்லூரடி (திங்கள், காலை 5.50)

பிள்ளை, அம்மம்மாவைப் பற்றின அந்தப் பந்தியைத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சன். மாஸ்டர்ஸோ பி.எச்.டி.யோ எண்டதுக்குப் பிறகு வாறன்.

மெலிஞ்ச ஆளுக்கு ஏன் சீனி வருத்தம் எண்டு உலகத்தில கனபேர் மண்டையை உடைக்கினம். 2004இல லான்செற் மருத்துவ சஞ்சிகையில ஒரு படம் வந்தது. பூனேயில இருக்கிற யாஜ்னிக், லண்டனில இருந்த யுட்கின், ரெண்டு ஆராய்ச்சியாளரும் பக்கத்தில பக்கத்தில நிக்கினம். ரெண்டு பேருக்கும் உடற்திணிவுச் சுட்டி (பி.எம்.ஐ.) ஒண்டுதான், 22.3. உடம்பில எவ்வளவு கொழுப்பு எண்டு அளந்தால் யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தராசில ஏறி நிண்டால் ஒண்டும் பிழையில்லை, உள்ளுக்குள்ள கணக்கு வேற. ஆசிய ஆக்களுக்கு 23ஐயே கவனிக்க வேண்டிய புள்ளியா உலக சுகாதார நிறுவனத்தின்ர நிபுணர் குழு சேர்த்ததும் அதே வருஷம்தான்.

இதுக்கு ஒரு விளக்கம், எங்கட ஆக்களுக்குத் தோலுக்குக் கீழ கொழுப்பைச் சேமிக்கிற இடம் கெதியா நிரம்பி, மிச்சம் ஈரலிலயும் தசையிலயும் போய்த் தங்குது எண்டது. அங்க தங்கின கொழுப்பு இன்சுலினின்ர செய்தியை மழுங்கடிக்கும். இன்சுலின் கலத்துக்கு வெளியில நிண்டு ஏற்பியில ஒட்டும். ஐ.ஆர்.எஸ்.1, பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.ரி. எண்ட புரதங்களுக்குச் செய்தி கைமாறிக் கைமாறி உள்ளுக்குப் போய், அங்க ஒதுங்கிக் கிடக்கிற குளூட்4 எண்ட புரதத்தை மென்சவ்வுக்குக் கொண்டுவரும். தசைக் கலத்துக்குள்ளயும் கொழுப்புக் கலத்துக்குள்ளயும் குளுக்கோஸ் போற கதவு அதுதான். திறப்பும் இருக்கு, கதவும் இருக்கு, நடுவில செய்தி கொண்டுபோற ஆக்கள் சோர்ந்துபோச்சினம். நான் நாலரை வருஷம் அந்த நடு ஆக்களைத்தான் படிச்சனான்.

"பரம்பரை" எண்டதையும் சொல்லுறன். இளம் வயசில வந்து, தலைமுறை தலைமுறையா ஒரு குடும்பத்தில தொடருற நீரிழிவு ஒரு வகை இருக்கு, ஜி.சி.கே., எச்.என்.எஃப்.1ஏ மாதிரி ஒரேயொரு ஜீனில பிழை. உங்கட அம்மம்மாக்கு வயசுபோய்த்தானே வந்தது, அவா அந்த வகையா இருக்கிறது அபூர்வம். மற்ற வகையில நூற்றுக்கணக்கான இடங்களில சின்னச் சின்ன வித்தியாசங்கள். 2006இல கண்டுபிடிச்ச ரி.சி.எஃப்.7.எல்.2 எண்ட ஜீன்தான் பொதுவாக் காணுறதுக்குள்ள பலமானது. அதில ஒரு மாற்றுப் பிரதி இருந்தால் ஆபத்து ஏறக்குறைய 1.4 மடங்காகும், அவ்வளவுதான். இந்தப் பெரிய ஜீன் ஆய்வுகளில கூடுதலானவை ஐரோப்பிய வம்சாவளி ஆக்களின்ர ரத்தத்தில செய்தவை. எங்கட ஆக்களின்ர ரத்தம் அதுக்குள்ள மிகக் கொஞ்சம்.

இன்னொண்டு. 2005, 2006இல இலங்கையில நீரிழிவைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 20 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவையில 10.3 வீதமானவைக்கு நீரிழிவு எண்டு வந்தது. எத்தினையோ கட்டுரையளின்ர முதல் பந்தியில அந்த எண்ணைக் காணலாம். அது ஏழு மாகாணத்தின்ர எண். சண்டை நடந்ததால வடக்கும் கிழக்கும் அதில இல்லை. நான் அந்தக் கட்டுரையை ஜேர்மனியில, பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுற ஒரு மார்கழி மாசம், நூலகத்தில இருந்து வாசிச்சனான். வழிமுறையள் எண்ட பகுதியில அந்த வசனம் இருந்தது. கனநேரம் அடுத்த பக்கம் போகேல்லை. எங்கட அப்பப்பாவைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன்.

அப்பப்பாக்கு இன்சுலின். 90களில இஞ்ச கரண்ட் இல்லை. சட்டிக்குள்ள ஈரமண் நிரப்பி, அதுக்குள்ள ஒரு சின்ன முட்டியைப் புதைச்சு, முட்டிக்குள்ள மருந்துக் குப்பியை வைச்சு, கிணத்தடி வாழை நிழலில வைப்பம். மண் காயாமல் தண்ணி தெளிக்கிறது என்ர வேலை. பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்துக் கழட்ட முதல் அதைச் செய்ய வேணும். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டு நடந்தபோது எனக்கு எட்டு வயசு. அம்மா நகையளையும் காணி உறுதியளையும் கட்டினா. அப்பம்மா அந்த முட்டியைச் சீலைக்குள்ள சுத்தித் தூக்கினா. மழை, சனம், நாவற்குழிப் பாலத்தில அடி வைக்க இடமில்லை. சாவகச்சேரியில நாங்கள் இருந்த வீட்டில மூண்டாம் கிழமை குப்பி முடிஞ்சுது. அப்பப்பா தைப்பொங்கலுக்கு இல்லை.

அவர் ஒரு கணக்கிலயும் இல்லை. நான் திரும்பி வந்ததுக்கு அதுதான் காரணம்.

இனி உங்கட கேள்வியள்.

உடன பி.எச்.டி.க்குப் போடாதேங்கோ. முதல் ஒரு வருஷம் ஆராய்ச்சி உதவியாளரா நில்லுங்கோ. தேசிய விஞ்ஞான மன்றம் மாதிரி இடங்களின்ர நிதி கிடைச்ச ஆக்கள் உதவியாளர் தேடுவினம். சம்பளம் குறைவு, ஆனால் கை பழகும். பிப்பெற்றைப் பிடிக்கிற விதத்திலயே ஒருத்தர் எத்தினை மாசம் ஆய்வுகூடத்தில நிண்டவர் எண்டு சொல்லலாம். ஆர்.என்.ஏ. பிரிக்கேக்க விரலில இருக்கிற நொதியமே அதை அழிச்சிடும். கையுறையை எப்ப மாத்த வேணும் எண்டது புத்தகத்தில வராது. ஒரு வருஷம் நிண்டபிறகும் காலமை எழும்பேக்க ஆய்வுகூடத்துக்கு ஓட மனம் வந்தால் மேல போங்கோ.

மாஸ்டர்ஸ் செய்யிறதெண்டால் 60 கிரெடிட்டும் ஆராய்ச்சிப் பகுதியும் இருக்கிறதாப் பாருங்கோ. பேராதனையில பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தில இருக்கு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகமான ஐ.பி.எம்.பி.பி.யிலயும் இருக்கு. பாடம் மட்டும் படிக்கிற மாஸ்டர்ஸ் பி.எச்.டி.க்கு உதவுறது குறைவு. ஐரோப்பாவில அநேகமா எல்லா இடமும் மாஸ்டர்ஸ் கேப்பினம். அமெரிக்காவுக்கு உங்கட நாலு வருஷ டிகிரியோடயே விண்ணப்பிக்கலாம்.

காசைப் பற்றிச் சுன்னாகத்தான் அண்ணை சொன்னது நூறு வீதம் சரி. ஜேர்மனியில பி.எச்.டி. செய்யிற ஆக்களுக்கு உயிரியலில வழமையா ஈ13 எண்ட அரச சம்பளப் படியில 65 வீதம் குடுப்பினம். ஒப்பந்தத்தோட, காப்புறுதியோட. நான் அதில வாழ்ந்து வீட்டுக்கும் அனுப்பினனான். சம்பளமில்லாத பி.எச்.டி. இடம் எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் எடுக்காதேங்கோ.

மேற்பார்வையாளரைத் தெரியிறதுதான் பெரிய விஷயம். நான் 41 பேருக்கு எழுதினனான், ஆறு பேர் பதில் போட்டவை, ரெண்டு பேர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டவை. முதல் முப்பது கடிதமும் ஒரே கடிதம். பிறகுதான் ஒவ்வொருத்தரின்ர ரெண்டு கட்டுரையை வாசிச்சு, அதில எனக்கு விளங்காத ஒரு படத்தைப் பற்றிக் கேட்டு எழுதத் தொடங்கினன். பதில் போட்ட ஆறு பேரும் அந்தக் கடைசிப் பதினொண்டுக்குள்ள. இடம் கிடைச்ச உடன ஓம் எண்டு சொல்லாமல் அவரின்ர பழைய மாணவர் ரெண்டு பேருக்கு எழுதிக் கேளுங்கோ: எத்தினை வருஷத்தில முடிச்சவை, சுகமில்லாமல் போனால் அவர் எப்பிடி நடந்தவர், கட்டுரையில ஆரின்ர பேர் முதல்ல வந்தது.

கஷ்டத்தையும் சொல்ல வேணும். நான் வேலை செய்தது 3ரி3-எல்1 எண்ட கலவரிசையில (ஆய்வுகூடத்தில தொடர்ந்து வளர்க்கிற கலங்கள்), சுண்டெலிக் கருவில இருந்து வந்தது. கலங்கள் தட்டை நிரப்பி ரெண்டு நாள் விட்டு, இன்சுலின், டெக்ஸாமெதசோன், ஐ.பி.எம்.எக்ஸ். மூண்டையும் சேர்த்துக் குடுத்தால் ஒரு கிழமை பத்து நாளில கொழுப்புத் துளியள் வரும். ஒயில் றெட் ஓ சாயம் போட்டால் வெள்ளை வேட்டியில குங்குமம் சிந்தின மாதிரி இருக்கும். எனக்கு முதல் ஐஞ்சு மாசம் ஒரு துளி வரேல்லை. மருந்தை மாத்தினன், சீரத்தை மாத்தினன், அறையில தனிய இருந்து அழுதன். கடைசியில பாத்தால் எனக்குக் கிடைச்ச குப்பி எத்தினையோ தரம் பிரிச்சுப் பிரிச்சு வளர்த்த கலங்கள். அப்பிடி வளர்த்தால் கொழுப்புக் கலமா மாறுற குணம் குறைஞ்சு போகும். குப்பியில எத்தினையாம் தரம் எண்டு ஆரும் எழுதேல்லை. நானும் கேக்கேல்லை.

மூண்டாம் வருஷம் மைக்கோபிளாஸ்மா. கலச்சுவர் இல்லாத கிருமி, பெனிசிலினுக்கு அசையாது, சாதாரண நுணுக்குக்காட்டியில தெரியாது, கலங்களும் சாகாது. எண்கள் மட்டும் மெல்ல மெல்லப் பிசகும். பி.சி.ஆர். செய்து பாக்கத்தான் பிடிபட்டது. மூண்டு மாச வேலையை, நீராவியில கிருமி கொல்லுற ஓட்டோகிளேவுக்குள்ள போட்டன்.

வேலை எண்டு கேட்டால், முனைவருக்குப் பிறகு ரெண்டு வருஷம், மூண்டு வருஷம் எண்டு ஒப்பந்தத்தில ஓட வேண்டி வரும். நிரந்தர இடம் எங்கயும் குறைவு. மருந்துக் கம்பனியள் எடுக்கும், பரிசோதனைக் கூடங்கள் எடுக்கும், கம்பஸில விரிவுரையாளர் இடம் எப்பவாவது வரும். நான் திரும்பி வந்த அடுத்த வருஷம் 2022. டொலர் இல்லை, பி.சி.ஆருக்குக் கேட்ட பிறைமர் ஆறு மாசமாகியும் வரேல்லை, பங்குனிக் கடைசியில ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. மைனஸ் 80 பிறீசரைத் திறக்காமல் காவல் இருந்தம், டீசலுக்கு வரிசையில நிண்டம். டீசல் கானோட நான் ஒரு இரவு பெற்றோல் ஸ்ரேசனில படுத்தன். பிறீசருக்குள்ள இருந்தது 212 பேர் நம்பித் தந்த ரத்தம்.

ஆங்கிலத்துக்குப் பயப்பிடாதேங்கோ. மானிப்பாயில சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலயே மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்சவர். தமிழில யோசிச்ச மூளைக்கு விஞ்ஞானம் ஏலாது எண்டு இந்த ஊரில நிண்டு ஆரும் சொல்ல ஏலாது. எழுதிப் பழகுங்கோ. ஒவ்வொரு நாளும் செய்த வேலையை அரைப் பக்கம் ஆங்கிலத்தில எழுதினால் ஒரு வருஷத்தில நாக்கும் திருந்தும்.

கலியாணம் அவரவரின்ர விஷயம். எனக்கு 33இல நடந்தது, சந்தோஷமா இருக்கிறன்.

கடைசியா ஒரு கேள்வி. ஆவரசம்பூச் சாறு நல்ல மஞ்சள். அந்த நிறமே ஸ்பெக்ரோவின்ர வாசிப்பில சேரும். நொதியமில்லாமல் சாறு மட்டும் விட்ட வெற்றுச் சோதனை வைச்சனீங்களோ?

---

ஆய்வுகூடக்காரன் (திங்கள், மத்தியானம் 1.10)

நான் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்), 17 வருஷம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில எழுதிறன்.

அக்கா சொன்னதெல்லாம் எனக்கு மேலான படிப்பு. ஆனால் ரத்தம் முதல்ல என்ர கையுக்குத்தான் வரும், அதால ஒண்டைச் சொல்ல வேணும். ரத்தத்தை எடுத்துச் சும்மா குழாயில விட்டால் அதுக்குள்ள இருக்கிற கலங்கள் குளுக்கோசைத் தின்னும். அறை வெப்பத்தில மணித்தியாலத்துக்கு 5 தொடக்கம் 7 வீதம் குறையும், எங்கட சித்திரை வெயிலில இன்னும் கெதி. வெறுவயித்தில 126 எண்டால் நீரிழிவு. அந்த 126, ரெண்டு மணித்தியாலத்தில 109க்கும் 114க்கும் நடுவில வந்திடும். வருத்தக்காரர் வருத்தமில்லாதவரா வீட்டை போவார்.

புளோரைட் போட்ட சாம்பல் மூடிக் குழாய் அதுக்குத்தான். அதுவும் முதல் ஒரு மணித்தியாலம் முழுசாத் தடுக்காது. ஐஸில வைச்சுக் கெதியா மெசினில சுத்திப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேணும். நெடுந்தீவில காலமை எடுத்த ரத்தம் குறிகட்டுவானுக்குப் படகில வந்து, பிறகு பஸ்ஸில பட்டணம் வந்து சேருற நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கோ.

ஹீமோகுளோபினில ஒட்டின சீனியைப் பாக்கிற எச்.பி.ஏ.1சி. சோதனை எண்டால் வெறுவயிறு தேவையில்லை, ரெண்டு மூண்டு மாசச் சராசரி எண்டு எல்லாரும் அதை விரும்பினம். இரும்புச்சத்துக் குறைஞ்ச ரத்தச்சோகை இருந்தால் அது கூட்டிக் காட்டும். எங்கட பொம்பிளையளில எத்தினை பேருக்கு அது இருக்கு எண்டு உங்களுக்கே தெரியும். அதால 6.5 எண்ட கோட்டுக்குக் கிட்ட ஒரு எண் வந்தால் நான் ஹீமோகுளோபினையும் பாப்பன்.

தங்கச்சி, ஆராய்ச்சிக்கு வந்தால் எங்களை மாதிரி ஆக்களோட ஒரு மாசம் நில்லுங்கோ. ரத்தம் எடுக்கிற கதிரையில இருந்து எண் வாற தாள் வரைக்கும் பின்னால நடவுங்கோ.

---

கோண்டாவில் பிள்ளை (திங்கள், இரவு 8.30)

அக்கா, வெற்றுச் சோதனை வைக்கேல்லை. நீங்கள் கேட்டதும் கொப்பியை எடுத்துப் பார்த்தன். சாற்றின்ர செறிவு கூடக்கூடத் தடுப்பும் ஒழுங்கா மாறினது எண்டு சந்தோஷப்பட்டனான், அதில எவ்வளவு நிறம், எவ்வளவு தடுப்பு எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை. மிச்சச் சாறு பிறிட்ஜில இருக்கு. புதுசாச் செய்யலாமோ எண்டு நாளைக்கு மேடத்திட்டக் கேக்கப்போறன்.

சுன்னாகத்தான் அண்ணை, நன்றி. அப்பாக்கு வாசிச்சுக் காட்டினன். "அந்தப் பெடியன் சொல்லுறது சரி" எண்டார், பிறகு "கொப்பியளை ஏன் எறியேல்லையாம்?" எண்டு கேட்டார்.

ஒண்டு மட்டும் இன்னும் விளங்கேல்லை அக்கா. வெளியில போய்ப் படிச்சால்தான் உண்டோ? இஞ்ச நிண்டு செய்ய ஏலாதோ?

---

நல்லூரடி (செவ்வாய், காலை 6.15)

எல்லாத்தையும் இஞ்ச நிண்டு செய்ய ஏலாது, பிள்ளை. கலம் வளர்க்கிறது, கொழுப்பிழையத்தில இருந்து ஆர்.என்.ஏ. எடுக்கிறது, முழு மரபணுத்தொகையை வாசிச்ச தரவை ஆராயிறது எல்லாம் நல்லா நடக்கிற இடத்தில போய்ப் பழக வேணும். அங்க பழகாத கையோட இஞ்ச கருவி வந்தாலும் அது உறையோட கிடக்கும்.

ஆனால் அங்க இருந்து செய்யவே ஏலாதது ஒண்டிருக்கு. நான் வந்த முதல் வருஷம் வேலணையில ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனனான். கையில நெறிமுறைக் குழு அனுமதிச்ச சம்மதப் பத்திரம். சட்டத்தரணி எழுதின மாதிரித் தமிழ், "வளர்சிதை மாற்றக் கோளாறு" எண்டு தொடங்கும். அந்த வீட்டு ஆச்சி வடிவா வாசிச்சுப்போட்டு, "எனக்கு உந்த வருத்தம் இல்லைப் பிள்ளை, எனக்குச் சீனிதான்" எண்டு சொல்லித் தாளைத் திருப்பித் தந்தா. நான் வாசலில இருந்து அவாக்குக் கதையாச் சொன்னன். எதுக்கு ரத்தம், அது எங்க போகும், எத்தினை வருஷம் இருக்கும், வேண்டாம் எண்டால் எப்ப நிப்பாட்டலாம். முக்கால் மணித்தியாலம். பிறகு கையை நீட்டினா, வெளிக்கிடேக்க ஒரு பை முருங்கைக்காயும் தந்தா. அண்டைக்குப் பின்னேரமே அந்தப் பத்திரத்தை முழுக்க மாத்தி எழுதி, திருப்பி அனுமதிக்குக் குடுத்தனான்.

இப்ப வலிகாமத்திலயும் தீவுப் பக்கமும், மெலிஞ்ச உடம்போட நீரிழிவு வந்த ஆக்களைக் குடும்பம் குடும்பமாச் சேர்க்கிற ஒரு சின்ன வேலையில நாங்கள் மூண்டு பேர் நிக்கிறம். இடுப்புச் சுற்றளவு, பிறந்தபோது நிறை தெரிஞ்சால் அது, ரத்தம், சாப்பாடு. எங்களிட்ட உதவியாளருக்கு ஒரு இடம் தை மாசம் வரும். ஒரு வருஷத்துக்குக் காசு கடிதத்தில இருக்கு. முறைப்படி விளம்பரம் வரும், எல்லாரையும் மாதிரி விண்ணப்பிக்க வேணும், நான் ஒண்டும் வாக்குத் தர ஏலாது. அதுக்கு முதல், விருப்பமெண்டால் வெள்ளிக்கிழமை காலமை எட்டு மணிக்கு வாங்கோ, நாங்கள் ரத்தம் பிரிக்கிறதைப் பாக்கலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

ஆய்வுகூடக்காரன் தம்பி, நீங்கள் சொன்னதுக்காக நாங்கள் எங்கட தாளில ரத்தம் எடுத்த நேரம், ஐஸில வைச்ச நேரம், சுத்தின நேரம் மூண்டுக்கும் கட்டம் போட்டு வைச்சிருக்கிறம். படகு நேரத்துக்கும் ஒண்டு போட வேணும் போல கிடக்கு.

---

கோண்டாவில் பிள்ளை (செவ்வாய், இரவு 9.05)

அக்கா, வாறம். அப்பா கடையை ஒன்பதரைக்குத் திறக்கிறாராம்.

மேடம் ஓம் எண்டிட்டா. வெற்றுச் சோதனையோட புதன்கிழமை திருப்பிச் செய்யிறன்.

இண்டைக்குப் பின்னேரம் அம்மம்மாவின்ர கிளினிக் கொப்பியளை எல்லாம் எடுத்து அடுக்கினன். மூண்டு கொப்பி, 14 வருஷம். ஒவ்வொரு மாசமும் சீனி எவ்வளவு எண்டு வடிவா எழுதிக் கிடக்கு. ரத்தம் எத்தினை மணிக்கு எடுத்தது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. அம்மம்மாவிட்டக் கேட்டன். முதல் பஸ்ஸில போய் ஏழு மணிக்கே ரத்தம் குடுத்திடுவாவாம். "அந்தக் குழாய் கூடைக்குள்ள கிடக்கும் பிள்ளை, பத்து மணிக்குப் பிறகுதான் ஒரு பெடியன் வந்து கொண்டுபோவான்" எண்டா.